நூற்றியிருபது கட்டைகள்

செல்வநாயகியின் பாலர் பாடசாலைக்கு நோர்வேயிலிருந்து ஒரு பெட்டி வருகிறதாம். கப்பலில் வந்து கொழும்பில் இறங்கியும் விட்டதாம். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரிய பெட்டியாம். இந்தச் செய்தியைத் தேவமலர் ரீச்சரின் காதில் போட்டவர் பியாட்றிஸ் அக்கா. பியாட்றிஸ் அக்காவுக்குச் சொன்னது தபால்காரரின் மனைவி. அந்த மனைவிக்கு யார் சொன்னது என்று கேட்கத் தேவமலருக்குப் பொறுமை இருக்கவில்லை.

"பெட்டிக்குள்ளை என்னவாம் அக்கா?"

"விளையாட்டுச் சாமானாம். முழுக்க மரமாம். சின்னப் பிள்ளையள் கையாலை தொட்டுப் பிடிச்சுப் படிக்கிற சாமானாம். உம்மடை செல்விக்கு லொத்தர் விழுந்திருக்கு!"

"அவள் என்ரை செல்வி இல்லை."

"ஏன், கத்தரிக்கோல் பிடிக்கிறதிலை இருந்து பிள்ளையின்ரை மூக்குத் துடைக்கிற வரைக்கும் நீர்தானே பழக்கினனீர்?"

பியாட்றிஸ் அக்கா தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். எந்த இடத்தில் அழுத்தினால் சத்தம் வரும் என்பது அவருடைய விரலுக்கு நன்றாகத் தெரியும். தேவமலர் பிள்ளைகள் விட்டுப்போன சிலேட்டுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த சிலேட்டையே மறுபடியும் எடுத்துத் துடைத்தாள்.

அது எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம். தேவமலருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கலியாணம் செய்யவில்லை. வெள்ளவத்தையில் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற நேர்சரி ஒன்றில் ஒன்பது வருடம் படிப்பித்தவள். பாலர் கல்விக்கென்று கொழும்பில் ஆங்கிலத்தில் பயிற்சி எடுத்துச் சான்றிதழும் வைத்திருந்தாள். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அந்த நேர்சரி எரிந்துபோனது. அகதி முகாமில் பதினொரு நாள் இருந்துவிட்டுக் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது அவளுடைய கைப்பையில் அந்தச் சான்றிதழும் ஒரு சீப்பும் இருந்தன. அடுத்த தை மாதமே உடுவிலில் தேவாலய மண்டபத்தின் பின்பக்க அறையைக் கேட்டு வாங்கி ஒரு பாலர் பாடசாலை தொடங்கிவிட்டாள். முப்பத்தொரு பிள்ளைகள் சேர்ந்தார்கள். உதவிக்கு வந்தவள்தான் இணுவில் தோட்டக்காரக் குடும்பத்துப் பெண்ணான செல்வநாயகி. ஓ-எல் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். வயது இருபத்திரண்டு.

தொடங்கிய புதிதில் தேவமலர் கொழும்பில் படித்தபடியேதான் எல்லாம் செய்தாள். மணல் தட்டு, களிமண், போத்தல் மூடி, புளியங்கொட்டை. பிள்ளைகளுக்குச் சந்தோஷம். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் தவணை தொடங்கிய அன்று, ஒரு பிள்ளையின் தகப்பனான எட்வேர்ட் மாஸ்டர் வாசலில் வந்து நின்றார்.

"ரீச்சர், மண்ணிலை விளையாட எங்கடை வளவு காணும். பிள்ளை இன்னும் 'அ' எழுதேல்லை. முதலாம் வகுப்புக்கு எடுக்கேக்கை பள்ளிக்கூடத்திலை எழுதச் சொல்லிக் கேட்டால் நான் இந்தப் புளியங்கொட்டையையோ காட்டுறது?"

அந்தத் தவணையில் ஏழு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். தேவமலர் பயந்துபோனாள். மணல் தட்டுப் பரணுக்குப் போனது. கொப்பியும் பென்சிலும் வந்தன. ஒரு பக்கம் முழுக்க 'அ', அடுத்த பக்கம் முழுக்க 'ஆ'. அன்று பின்னேரம் செல்வநாயகி, "ரீச்சர், விரல் பலக்க முதல் பென்சில் குடுக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். குறை சொல்லும் நோக்கம் அவளுக்கு இல்லை. தெரியாமல்தான் கேட்டாள். தேவமலருக்கு அந்தக் கேள்வி முள்ளாகக் குத்தி, எடுக்க எடுக்க வராமல் உள்ளேயே இருந்துவிட்டது. எண்பத்தைந்து ஆனியில் செல்வநாயகி விலகிப்போய், இணுவிலில் தன் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சொந்தமாகப் பாலர் பாடசாலை தொடங்கினாள். இங்கிருந்த பிள்ளைகள் ஒன்றொன்றாக அங்கே போனார்கள். இப்போது தேவமலரிடம் இருந்தது பதினாலு பிள்ளைகள். செல்வநாயகியின் பாடசாலை சைக்கிளில் பத்து நிமிடத் தூரம். தேவமலர் ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை. சந்தைக்குப் போவதற்குக்கூட வேறு ஒழுங்கையால் சுற்றிப் போனாள்.

பெட்டிக் கதை வந்து நாலாம் நாள், திங்கட்கிழமை, நேசராஜா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. நோர்வேக்காரரின் உதவி நிறுவனம் ஒன்றுக்குப் பட்டணத்தில் காரியாலயம் நடத்துபவர். காரியாலயம் என்றால் ஒரு அறை, ஒரு ரெலிபோன், அவர்.

"பெட்டி செல்வநாயகிக்கு எண்டு கேள்விப்பட்டன்" என்றாள் தேவமலர், கதிரையை எடுத்துப் போட்டபடி.

"சனம் கதைக்கிறதிலை பாதிதான் சரி ரீச்சர். பெட்டி இரண்டு பள்ளிக்கூடத்துக்கு. உங்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும்."

பையிலிருந்து, பெட்டியில் வந்த சாமான்களின் நிறப்படங்கள் போட்ட ஒரு புத்தகத்தையும், கொழும்பிலேயே வாங்கக்கூடிய எழுத்துச் சாமான்களின் தட்டச்சுப் பட்டியல் ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆறு சாமான். உதிலையும் எடுக்கலாம், இதிலையும் எடுக்கலாம். ஆருக்கு எது எண்டு நீங்கள்தான் தெரிஞ்சு எழுதித் தரவேணும். உதைப் படிச்ச ஆள் உங்களைவிட்டால் இந்தப் பக்கத்திலை ஆர் இருக்கினம்? எனக்கெண்டால் படத்தைப் பார்த்து ஒண்டும் விளங்கேல்லை. உது என்ன, ஆட்டுக்கொட்டிலோ?"

"அது பொம்மை வீடு ஐயா."

"பாருங்கோவன்! இன்னொண்டு. இருபதாம் பக்கத்திலை இருக்கிற கட்டைப் பெட்டி மட்டும் ஒண்டுதான் வந்திருக்கு. ஆருக்கு எண்டதையும் நீங்களே எழுதிவிடுங்கோ."

அவர் போனபிறகு தேவமலர் இருபதாம் பக்கத்தைத் திறந்தாள். நூற்றியிருபது கட்டைகள். வர்ணம் பூசாத வெளிறிய மரம். நீளக் கட்டை, அதில் சரிபாதி, அதிலும் பாதி, வளைவு, உருளை, சரிவு. வெள்ளவத்தை நேர்சரியில் இதே பெட்டி இருந்தது. ஒரு நாள் அங்கே நாலு வயதுப் பெண்பிள்ளையொன்று மதில் கட்டிக்கொண்டிருந்தபோது நீளக் கட்டைகள் முடிந்துவிட்டன. அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு இரண்டு பாதிக் கட்டைகளை எடுத்து முட்டவைத்து, மதிலில் இருந்த நீளக் கட்டையோடு அளந்து பார்த்து, "ஹா" என்று மூச்சை உள்ளே இழுத்தது. ஒருவரும் அதற்கு ஒரு சொல் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தான் இந்த வேலைக்கு ஏன் வந்தோம் என்று தேவமலர் தன்னையே கேட்டுக்கொள்கிற நாட்களில் அந்த மூச்சுத்தான் அவளுக்கு நினைவு வரும். நேர்சரி எரிந்ததைக் கேள்விப்பட்டபோதும் அவளுடைய மனம் முதலில் ஓடியது அந்தக் கட்டைப் பெட்டியிடம்தான்.

அன்றே பட்டியல் எழுதினாள். முதல் வரி: கட்டைப் பெட்டி, உடுவில். பெட்டியை எங்கே வைப்பது, எந்த மூலையில் பாய் விரிப்பது என்றெல்லாம் நினைத்து, சுவரோரம் கிடந்த உட்காரும் வாங்குகள் இரண்டைத் தானே இழுத்துத் தள்ளி இடம் ஒதுக்கினாள். செவ்வாயும் புதனும் அவள் பிள்ளைகளை ஏசவில்லை. ஒரு பிள்ளை கொப்பியைக் கிழித்ததற்கும் சிரித்தாள்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விடும் நேரம், லியோனின் தாய் அற்புதராணி குடையைச் சுருக்குவதும் விரிப்பதுமாக நின்றாள்.

"கோவிக்காதேங்கோ ரீச்சர். திங்கக்கிழமையிலை இருந்து லியோனை அங்காலை விடப்போறம்."

"எங்காலை?"

"உங்களுக்குத் தெரியும்தானே. செல்வி ரீச்சரிட்டை."

செல்வி 'ரீச்சர்'. தேவமலருக்குக் காது சுட்டது.

"இஞ்சை என்ன குறையைக் கண்டனீர்?"

"ஐயோ, குறையெண்டு ஒண்டுமில்லை. அங்கை போன பிள்ளையள் கெதியாய்ப் பிடிக்குதுகளாம். எல்லாத்தையும் டக்கெண்டு சொல்லுதுகளாம். எல்லாரும் கதைக்கினம்."

லியோன் வகுப்பிலேயே கெட்டிக்காரன். தேவமலர் அவனுடைய சிலேட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து பட்டியலை எடுத்தாள். கெதியாய்ப் பிடிக்குதுகளாம். அப்படியென்றால் அவள் எழுத்துத்தான் படிப்பிக்கிறாள். எனக்குக் கொப்பி வேண்டாமென்று பாடம் எடுத்துவிட்டுப் போனவள், அங்கே பிள்ளைகளை எழுத்தில் போட்டு அரைக்கிறாள். பிறகேன் பெற்றோர் ஓடமாட்டார்கள்? அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வந்த விதமே பிழை. அது கோபத்தோடு வரவில்லை. கணக்குச் செய்து விடை கண்டதுபோல, நல்ல குளிர்ச்சியாக வந்தது.

இந்த ஊர்த் தாய் தகப்பனைத் தேவமலருக்குத் தெரியும். மணலும் களிமண்ணும் கண்டாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற ஆட்கள். அப்படியென்றால் அந்த வெளிநாட்டு விளையாட்டுச் சாமான் முழுவதும் செல்வநாயகியிடமே போகட்டும். வாசல் முட்ட நிரம்பட்டும். எழுத்தென்று ஒரு அட்டைகூடப் போகக்கூடாது. மூன்று மாதம் போகட்டும். எட்வேர்ட் மாஸ்டர்கள் அங்கேயும் இருப்பார்கள்.

புதுத்தாள் எடுத்து எழுதினாள். செல்வநாயகிக்கு: கட்டைப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கோர்க்கிற மணி, சுத்தியலால் அடிக்கிற பலகை, வடிவம் பொருத்துகிற பலகை, பொம்மை வீடு. தனக்கு: தமிழ் எழுத்து அட்டை, எண் படம், கரும்பலகை, சிலேட்டு, கொப்பி, மணிச்சட்டம். கட்டைப் பெட்டி என்று எழுதும்போது மட்டும் பென்சில் கூர் முறிந்தது. சீவிவிட்டு எழுதினாள்.

சனிக்கிழமை வந்த நேசராஜா பட்டியலைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். இரண்டாவது தரமும் வாசித்தார்.

"கட்டைப் பெட்டியை அந்தப் பிள்ளைக்கே விட்டிட்டியளோ?"

"அவவின்ரை பள்ளிக்கூடம் புதுசுதானே ஐயா."

"முப்பத்தொரு வருசம் சேவிசிலை இருந்தனான் ரீச்சர். நல்ல சாமானை மற்றப் பள்ளிக்கூடத்துக்கு எழுதின ஒரு ஆளை இண்டைக்குத்தான் பார்க்கிறன்." அவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "வாற வெள்ளிக்கிழமை பின்னேரம் அஞ்சரைக்குக் கொழும்புக்கு பஸ் ஏறுற ஒருத்தரிட்டைக் குடுத்துவிடப்போறன். ஏதும் மாத்தவேணுமெண்டால் அதுக்கு முதல் ரெலிபோன் எடுங்கோ. அஞ்சு மணி வரைக்கும் காரியாலயத்திலைதான் இருப்பன். பிறகு நான் அழுதாலும் மாத்தேலாது."

மறுநாள் ஆராதனையில் போதகர் யாருடைய பெயரையும் சொல்லாமல், தனக்கு வைத்துக்கொள்ளக்கூடியதைப் பிறருக்குக் கொடுத்த ஒரு சகோதரியைப் பற்றிப் பேசினார். மண்டபம் முழுக்கத் திரும்பித் தேவமலரைப் பார்த்தது. அவள் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் பியாட்றிஸ் அக்கா கையைப் பிடித்தார்.

"மலர், பரலோகத்திலை முன் வாங்கு உமக்குத்தான். அதுசரி, உமக்கென்ன சுகமில்லையோ?"

"ஏன் அக்கா?"

"உம்மை எனக்குச் சின்ன வயசிலை இருந்து தெரியும். மாங்காய்க்குக்கூடப் பங்கு தராத ஆள் நீர்."

புதன்கிழமை செல்வநாயகியிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. 'ரீச்சர், நேசராஜா ஐயா எல்லாம் சொன்னவர். எனக்கு எழுத வருகுதில்லை. வெள்ளிக்கிழமை ஒருக்கால் கட்டாயம் வாருங்கோ. தகப்பன்மாரும் வருவினம். உங்களைக் காட்டவேணும்.' தகப்பன்மார் என்ற சொல்லைப் பார்த்ததும் தேவமலருக்கு ஒரு சின்னச் சந்தோஷம். சண்டை இப்போதே தொடங்கிவிட்டது போலிருக்கிறது, பார்க்கத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை தன் பிள்ளைகளைக் கொஞ்சம் முந்தியே அனுப்பிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள். செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் அந்தச் சனசமூக நிலையம். தகரக் கூரை, அரைச் சுவர், மேலே பனைமட்டை வரிச்சு. கிட்டப் போகும்போதே சத்தம் கேட்டது. ஆண்களின் சத்தம். ஆனால் சண்டை பிடிக்கிற சத்தம் இல்லை.

உள்ளே ஐந்தாறு தகப்பன்மார் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார்கள். நடுவிலே தச்சுப் பட்டறையில் கழித்த துண்டுகள்; பனங்கட்டை, வேம்பு, பலா, ஒன்றும் ஒரு அளவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் மண்கடதாசியால் தேய்த்து வழுவழுவென்று இருந்தது. புகையிலைக் கறை ஏறிய கையோடு ஒரு பெரிய மனிதர் தன் மகளோடு சேர்ந்து கோபுரம் அடுக்கிக்கொண்டிருந்தார். அது ஆடி ஆடி விழுந்தது.

"இளையதம்பி அண்ணை, அது புகையிலை இல்லை, கண்டபாட்டுக்கு அடுக்க!" என்றார் ஒருவர்.

"பொறடா. என்ரை மோள் சொல்லுறா, அடியிலை பெரிசு வைக்கட்டாம். நாற்பது வயசிலை எனக்கு இப்பதான் ஒராள் ஒழுங்காய்ச் சொல்லித் தருது."

"ஒழுங்காய் அடுக்குங்கோ அப்பா" என்றாள் மகள்.

செல்வநாயகி ஓடி வந்து தேவமலரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. தேவமலர் சுவரைப் பார்த்தாள். எழுத்து அட்டை ஒன்றுகூட இல்லை.

"எழுத்து எங்கை செல்வி? நீர் எழுத்துப் படிப்பிக்கிறேல்லையோ?"

"ஆவணியிலை தொடங்குவம் ரீச்சர். முதலிலை விரல் பலக்கட்டும்."

"தகப்பன்மார் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொல்லாமல் விடுவினமோ? நல்லாச் சத்தம் போட்டவை. பேசுறவை ஒரு கிழமைக்கு ஒருநாள் வந்து பிள்ளையோடை இருந்து பாருங்கோ, பிறகு பேசுங்கோ எண்டன். வந்தவை இப்ப எழும்பிப் போகினமில்லை." அவள் சிரித்தாள். "இதொண்டும் என்ரை கெட்டித்தனம் இல்லை. எல்லாம் உங்களிட்டைப் படிச்சதுதானே."

வந்து இருந்து பாருங்கோ. இவ்வளவுதானா? எட்வேர்ட் மாஸ்டர் வாசலில் நின்றபோது, உள்ளே வந்து இருங்கோ என்று சொல்லத் தேவமலருக்கு வாய் வரவில்லையே.

"இஞ்சை வாங்கோ, இதைப் பாருங்கோ."

பின்சுவரோரம் ஒரு புது மர அடுக்குத் தட்டு நின்றது. தகப்பன்மார் சேர்ந்து செய்தது. நீளக் கட்டைக்கு ஒரு அறை, பாதிக்கு ஒரு அறை, வளைவுக்கு, உருளைக்கு.

"வெள்ளவத்தையிலை இருந்த கட்டையைப் பற்றி ஒருநாள் சொன்னனீங்களே, அளவு காட்டி? அதை நினைச்சுத்தான் செய்விச்சம். சரியோ ரீச்சர்?"

சரியாகத்தான் இருந்தது. ஒரு விரற்கடைகூடப் பிழையில்லை. தான் என்றோ கையை விரித்துக் காட்டிய அளவை இவள் இவ்வளவு காலம் காப்பாற்றி வைத்திருக்கிறாள் என்பது தேவமலருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. அந்தத் தட்டில் கட்டைகள் வந்து அமர்வதும், இந்தப் பிள்ளைகளில் ஒன்று இரண்டு பாதியை முட்டவைத்து மூச்சை உள்ளே இழுப்பதும், பக்கத்தில் குந்தியிருந்து அதைப் பார்ப்பது செல்வநாயகியாக இருப்பதும் அவளுக்குக் கண்ணுக்கு முன்னால் நடந்தன. எல்லாம் தன்னுடைய கையெழுத்தால்தான் நடக்கப்போகிறது.

ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள்.

"ரீச்சர், என்ரை பாலத்தை உழக்காதேங்கோ!"

லியோன். வந்து ஐந்து நாள்தான். அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பாலத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

செல்வநாயகி தேநீர் எடுக்கப் போன நேரம், தட்டுக்குப் பின்னால் சுவரில் மெல்லிய மண்கோடு ஒன்று தேவமலரின் கண்ணில் பட்டது. கறையான் ஏறிய தடம். நகத்தால் சுரண்டினாள். பொலபொலவென்று காய்ந்து உதிர்ந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பழைய தடம். அவள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வெளிக்கிட்டாள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தாள். வாக்கியங்கள் தாமாக வந்தன. 'ஐயா, அந்தக் கட்டடத்திலை கறையான் ஏறின அடையாளம் இருக்கு. நான் போய் என்ரை கண்ணாலை பார்த்தனான். நல்ல மரம், பழுதாய்ப் போடும். கட்டைப் பெட்டியை மட்டும் என்ரை பேருக்கு மாத்திவிடுங்கோ.' ஒரு சொல்லும் பொய்யில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பியாட்றிஸ் அக்கா என்ன சொல்லுவார் என்று தெரியும். போதகர் அடுத்த ஞாயிறு எந்தப் பக்கம் பார்ப்பார் என்றும் தெரியும். அதெல்லாம் போகட்டும். அந்தத் தட்டு? தட்டு வெறுமையாக நிற்கும். தச்சுத் துண்டுகளை அடுக்கட்டுமே. அவர்களுக்கு அது போதும்தானே, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்களே.

சுன்னாகத்தில் சந்தியோகுவின் மருந்துக்கடையில் ரெலிபோன் இருந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு தாண்டிவிட்டது.

"என்ன ரீச்சர், ஆருக்குச் சுகமில்லை?"

"பட்டணத்துக்கு ஒரு கோல் எடுக்கவேணும் அண்ணை."

"காலமை வேலை செய்தது. இப்ப எப்பிடியோ, கர்த்தருக்குத்தான் தெரியும்." இலக்கத்தைச் சுழற்றிக் காதில் வைத்துக் கேட்டார். "அடிக்குது. இந்தாங்கோ."

அடித்தது. தேவமலர் தொண்டையைச் செருமித் தயாராக நின்றாள். மணி நின்று, இணைப்பு அறுந்தது.

"இன்னொருக்கால் சுத்துங்கோ அண்ணை."

"வெளிக்கிட்டிருப்பார் போலை."

"இல்லை. அஞ்சு மணி வரைக்கும் இருப்பன் எண்டவர்."

அவர் மறுபடியும் சுழற்றினார். கடையில் மருந்துக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர் போய் அவர்களைக் கவனித்தார். ஒருவேளை பஸ் ஏறுகிறவரிடம் தாளைக் கொடுக்க முந்தியே போயிருப்பாரோ. ஒருவேளை பக்கத்துக் கடையில் தேநீர் குடிக்கிறாரோ. ஒருவேளை பட்டணத்தில் ஏதும் பிரச்சினையோ. அப்படியென்றால் பஸ்ஸும் போகாதே. அவளுக்கு அந்த நினைப்பில் ஒரு கணம் நிம்மதி வந்தது. வந்ததைக் கண்டு வெட்கம் வந்தது. ரிசீவரை வைக்கவில்லை.

"கன அவசரமோ ரீச்சர்?" என்றார் சந்தியோகு, குளிசையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு.

"ஓம்."

கறையான் என்ற சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது.